மெஷின் பக்கத்தில் நின்று படிக்கிற படிப்பு: கேள்வி பதில்

வடசென்னையில் பத்தாவது, பன்னிரண்டாவது, ஐடிஐ முடித்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் முதலில் ஐடிஐ ஃபிட்டர், அப்புறம் டிப்ளமோ மெக்கானிக்கல், அதிலிருந்து இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேர்ந்து பி.இ. முடித்தேன். மணலி பக்கம் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன்.

வியாசர்பாடி, பிளஸ் டூ முடித்த தம்பி: எனக்குக் கையால் செய்கிற வேலைதான் பிடிக்கும், தியரி ஏறவில்லை. இன்ஜினியரிங் டெக்னாலஜி என்று ஒரு டிகிரி இருக்கிறதாமே? அது பி.இ.யிலிருந்து எப்படி வேறு?

தம்பி, அமெரிக்கா, கனடா பக்கம் அந்தப் பெயரிலேயே நாலு வருஷ டிகிரி உண்டு. இன்ஜினியரிங் படிப்பவர் கணக்கிலும் கொள்கையிலும் ஆழமாகப் போவார். இன்ஜினியரிங் டெக்னாலஜி படிப்பவர் அதே பாடத்தைப் பட்டறையிலும் லேபிலும் செய்துபார்த்துக் கற்பார். ஒரு பொருளைத் தயாரிப்பது, சோதிப்பது, ஓட வைப்பது, பழுது பார்ப்பது என்று வேலை போகும். நம் ஊரில் அந்தப் பெயர் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. அதே இடத்துக்குப் போக இங்கே இருக்கிற வழிகள்: டிப்ளமோ படித்து லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேராக இரண்டாம் வருஷத்தில், பி.இ.; தொழில்திறனை மையமாக வைத்த பி.வோக். டிகிரி; அப்புறம் அப்ரண்டிஸ்ஷிப்போடு (கம்பெனிப் பயிற்சியோடு) சேர்ந்த டிகிரி.

ஆனால் 'தியரி ஏறவில்லை' என்று நீ சொன்னதை நான் அப்படியே விட்டுவிட மாட்டேன். எங்கள் ஆலையில் ஒரு கூலிங் வாட்டர் பம்பின் மோட்டாரில் ஒரே மாதத்தில் இரண்டு முறை பேரிங் போனது. மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று அலைன்மென்ட் பார்த்தால் சரியாக இருந்தது. மோட்டார் போல்ட்டை இறுக்கிய பிறகு பார்த்தால், நுண்ணிய அசைவையும் காட்டுகிற டயல் கேஜின் முள் நகர்ந்திருந்தது. புதிதாக வந்திருந்த டிப்ளமோ பையன் டயல் கேஜை மோட்டாரின் ஒவ்வொரு கால் மேலும் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்திப் பார்த்தான். மூன்று கால்கள் அசையவில்லை. நாலாவது கால் 0.12 மில்லிமீட்டர் எழும்பியது. அதாவது அந்தக் கால் பேஸ் பிளேட்டில் உட்காரவே இல்லை, போல்ட்தான் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. இதை சாஃப்ட் ஃபுட் என்போம். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே சரி செய்ய வேண்டும். ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளந்து, அந்த அளவுக்கு ஷிம் (மெல்லிய தகடு) வெட்டிக் காலுக்கு அடியில் வைத்தோம். அதோடு தொந்தரவு நின்றது.

அந்த முள் எழும்பியதைப் பார்த்தது கண்ணும் கையும்தான். ஆனால் ஒரு காலை இழுத்தால் மோட்டார் உடம்பே முறுக்கிக்கொள்ளும், ஷாஃப்ட் மையம் விலகும், பேரிங்கில் பக்கவாட்டுச் சுமை ஏறும் என்று தெரிந்ததால்தான் அவன் அங்கே கை வைத்தான். அது அவன் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த பாடம். உனக்குத் தியரி ஏறாததற்குக் காரணம், மெஷினைக் காட்டாமலே அதைச் சொல்லிக் கொடுத்ததாக இருக்கலாம். கை முதலில் போகட்டும், கணக்கு பின்னாலேயே வந்தாக வேண்டும்.

தண்டையார்பேட்டை: பி.வோக். சீட் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம்தான், பாதிக்கு மேல் பிராக்டிகல் என்கிறார்கள். பி.இ.க்குச் சமமா?

சமம் இல்லை. அதற்காக மதிப்பில்லாத படிப்பும் இல்லை. பி.வோக். 2014இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த படிப்பு. ஒரு வருஷத்தோடு நிறுத்தினால் டிப்ளமோ, இரண்டு வருஷத்தில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்று வருஷத்தில் டிகிரி என்று படிப்படியாக அமைத்தார்கள். 'ஏதாவது ஒரு டிகிரி' என்று கேட்கிற தேர்வுகளுக்கு இது செல்லும். 'பி.இ. அல்லது பி.டெக்.' என்று எழுதியிருக்கிற இடத்தில் செல்லாது. ஆகவே, நீ போக நினைக்கிற வேலையின் பழைய அறிவிப்பை எடுத்து, கல்வித் தகுதி என்ற பத்தியை எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டுச் சேர். அரசு வேலைக்கு டிகிரியின் பெயரைத்தான் பார்ப்பார்கள், உன் கைத்திறனை அந்தக் கட்டத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். தனியார் ஆலைகளில் நிலைமை வேறு. அங்கே முதல் வாரத்திலேயே உன் கையைப் பார்த்துவிடுவார்கள்.

அப்ரண்டிஸ்ஷிப்போடு சேர்ந்த டிகிரி என்பது இதற்குப் பக்கத்து வீடு மாதிரி. யுஜிசி 2025இல் தந்த வழிகாட்டுதலின்படி, மூன்று வருஷப் படிப்பில் ஒரு செமஸ்டர் முதல் மூன்று செமஸ்டர் வரை கம்பெனியில் பயிற்சி, அதற்கு உதவித்தொகையும் உண்டு. எந்தக் கம்பெனி, எந்தப் பிரிவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

எண்ணூர், ஓர் அம்மா: பத்தாவது முடித்த என் பொண்ணு மெக்கானிக்கல் டிப்ளமோதான் வேண்டும் என்கிறாள். பட்டறை வேலை பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா? செலவுக்கு என்ன வழி?

அம்மா, தாராளமாகச் சரிப்படும். அளவெடுப்பது, டிக் வெல்டிங், கம்ப்யூட்டர் மூலம் ஓடுகிற சிஎன்சி மெஷின் இதிலெல்லாம் வேண்டியது நிதானமான கையும் பொறுமையும். பாரம் தூக்க கிரேனும் செயின் பிளாக்கும் இருக்கின்றன. எங்களிடம் வைப்ரேஷன் அளவெடுத்து எந்த மெஷினை எப்போது நிறுத்துவது என்று சொல்கிற பொறுப்பில் இருப்பவர் ஒரு பெண்தான். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம்.

தரமணியில் டாக்டர் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. எண்ணூரிலிருந்து பீச் ஸ்டேஷன் வந்து, பறக்கும் ரயில் மாறித் தரமணியில் இறங்கலாம். தூரம்தான், மறைக்கவில்லை. அவள் கேட்கிற பிரிவு அங்கே இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் உண்டு. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே தொகையைத் தருகிறது. அரசுப் பாலிடெக்னிக்கில் கட்டணம் குறைவு, உண்மையான செலவு போக்குவரத்தும் சாப்பாடும்தான்.

அவள் கேட்டதையே படிக்க விடுங்கள்.

பெரம்பூர்: ஐசிஎஃப்பில் அப்ரண்டிஸ் போகவா, டிகிரி சேரவா?

ஐடிஐ முடித்தவன் என்றால் முதலில் அப்ரண்டிஸ் போ. 1955இலிருந்து ரயில் பெட்டி செய்கிற இடம் அது. வந்தே பாரத் முதல் ரயிலும் 2018இல் அங்கேதான் உருவானது. அந்த மாதிரி ஷாப் ஃப்ளோரை எந்தக் கல்லூரியும் காட்ட முடியாது. பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம் என்று நினைக்காதே, அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் ரயில்வேயின் லெவல் 1 (அடிப்படை நிலை) பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். டிப்ளமோ, பி.இ. முடித்தவர்களுக்கான ஒரு வருஷப் பயிற்சியைத் தரமணியில் இருக்கிற தொழிற்பழகுநர் வாரியம் கவனிக்கிறது.

திருவொற்றியூர், டிப்ளமோ கடைசி வருஷம்: லேட்டரல் என்ட்ரியில் சேர்ந்தவர்கள் கணக்கில்தான் மாட்டுகிறார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள்.

சீனியர்கள் சொல்வது உண்மைதான். நீ நுழைகிற மூன்றாவது செமஸ்டரிலேயே டிரான்ஸ்ஃபார்ம்ஸ், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ் மாதிரிக் கனமான கணக்கு காத்திருக்கலாம். கூட உட்காருகிறவர்கள் பிளஸ் டூவில் இரண்டு வருஷம், முதல் வருஷத்தில் இரண்டு செமஸ்டர் என்று கணக்குப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். நீ டிப்ளமோ முதல் வருஷத்தோடு கணக்கை மூடி வைத்திருப்பாய். ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் கிடைக்கிற நாட்களை வீணாக்காதே. பிளஸ் டூ புத்தகத்தில் இன்டெக்ரேஷன், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் இரண்டு பாடத்தையும் பயிற்சிக் கணக்கு உட்பட முழுசாகப் போடு. நானும் அப்படித்தான் தேறினேன். காலையில் ஒரு மணி நேரம், பேனாவும் பேப்பரும். வீடியோவை மட்டும் பார்த்தால் வராது.

அதற்குப் பதிலாக உன்னிடம் இருப்பது அவர்களிடம் இல்லை. லேபில் மைக்ரோமீட்டரைப் பிடிக்கிற விதத்திலேயே டிப்ளமோ பையன் தனியாகத் தெரிவான். ஆங்கிலம் பயமாக இருந்தால், சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் 2010இலேயே அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆனால் டேட்டா ஷீட்டும் மேனுவலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதைப் படிக்கிற அளவுக்காவது பழகிக்கொள்.

கொளத்தூர்: அமெரிக்காவில் இருக்கிற மாமா அங்கே இன்ஜினியரிங் டெக்னாலஜி படிக்க வரச் சொல்கிறார். திரும்பி வந்தால் செல்லுமா?

அங்கே ஏபெட் என்ற அமைப்புதான் அங்கீகாரம் தருகிறது. இன்ஜினியரிங்குக்கு ஒரு கமிஷன், இன்ஜினியரிங் டெக்னாலஜிக்கு வேறு கமிஷன். எதன் கீழ் வருகிறது என்று பார். இன்ஜினியர் லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்னாலஜி டிகிரிக்குச் சில மாநிலங்களில் கூடுதல் வருஷ அனுபவம் கேட்பார்கள், சில இடங்களில் ஏற்கவே மாட்டார்கள். நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்களும் தனித்தனி. இன்ஜினியர் படிப்புக்கு வாஷிங்டன் ஒப்பந்தம், டெக்னாலஜிஸ்ட் படிப்புக்கு சிட்னி ஒப்பந்தம். இந்தியா 2014இல் முழு உறுப்பினர் ஆனது வாஷிங்டன் ஒப்பந்தத்தில். திரும்பி வந்து அரசு வேலை என்பது திட்டமானால், மாமாவிடம் இதைச் சொல்லி இன்ஜினியரிங்கையே கேள். அங்கேயே உற்பத்தி ஆலையில் வேலை என்றால் இந்தப் படிப்பு நல்ல படிப்புதான்.

ராயபுரம்: ஐஐடி மெட்ராஸின் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். ஆன்லைன்தானே? கைவேலை எங்கே வரும்?

பாடம் ஆன்லைன், ஆனால் லேப் பாடங்களுக்கு நேரில் ஐஐடிக்கே போக வேண்டும். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், ஜேஇஇ தேவையில்லை, அவர்களுடைய தகுதித் தேர்வு இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் ரயில் ஏறி வரவேண்டிய லேபுக்கு நீ பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் இது பி.டெக். இல்லை. தண்டையார்பேட்டைக்குச் சொன்னது உனக்கும்தான்.

கொருக்குப்பேட்டை, ஒரு தகப்பனார்: கல்லூரிக்காரர்கள் எல்லோரும் 'நூறு சதவீதம் பிராக்டிகல்' என்கிறார்கள். எதை வைத்து நம்புவது?

அண்ணே, நல்ல கேள்வி. நான் சேர்ந்த ஓர் இடத்தில் பன்னிரண்டு லேத் (கடைசல் மெஷின்) வரிசையாக நின்றன. பெயின்ட் பளபளவென்று இருந்தது, அப்பா பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டார். ஓடியது மூன்று. ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்போம், ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் ரெக்கார்டில் எழுதுவோம். அந்த இரண்டு வருஷத்தை ஈடுகட்ட வேலையில் சேர்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே அட்மிஷன் அறையில் உட்காராதீர்கள். வேலை நாளில், மத்தியானம், பிராக்டிகல் நேரத்தில் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத்துக்கு அடியில் இருக்கிற தட்டைக் குனிந்து பாருங்கள். சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடக்க வேண்டும், எண்ணெய் வாசம் வர வேண்டும். டூல் போஸ்ட்டில் டூல் மாட்டியிருக்கிறதா, சக் சாவி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்கள் செய்த வேலையைக் கையில் வாங்குங்கள். வி ஜாயிண்ட் ஃபிட்டிங் என்றால் இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரில் பிடியுங்கள், நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள் என்று மாணவனிடம் தனியாகக் கேளுங்கள். போன செமஸ்டரில் எம்எஸ் ராடு (பயிற்சிக்கான இரும்புக் கம்பி) எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உண்மையாக நடத்துகிற ஆசிரியர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்பட்டு ஸ்டாக் ரெஜிஸ்டரையே எடுத்துக் காட்டுவார்.

காசிமேடு, 27 வயது: ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு எட்டு வருஷமாக போட் இன்ஜின் பட்டறையில் இருக்கிறேன். இனிமேல் படிக்க முடியுமா?

முடியும், தம்பி. இரண்டு வருஷ ஐடிஐ என்றால் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், இரண்டு வருஷத்தில் டிப்ளமோ கையில். அப்புறம் வேலையில் இருந்துகொண்டே பி.இ. படிக்க, பணியில் இருப்பவர்களுக்கென்று வேலை நேரத்துக்கு ஏற்ற வகுப்புகளை, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற ஏஐசிடிஇ அனுமதித்திருக்கிறது. குறைந்தது ஒரு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். அதனால் உன் பட்டறை முதலாளியிடம் வேலை பார்த்ததற்கு லெட்டர்ஹெட்டில் தேதி போட்ட சான்று இப்போதே கேட்டு வை. கரையில் இருக்கும் பட்டறைகளில் இதைக் கொடுத்துப் பழக்கமில்லை, ஆனால் கேட்டால் கொடுப்பார்கள். ஐடிஐ என்டிசி சான்றிதழில் உன் பெயரும் பிறந்த தேதியும் பத்தாவது மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று இன்று ராத்திரியே எடுத்துப் பார். எழுத்து மாறியிருந்தால் திருத்த நாளாகும், அட்மிஷன் தேதி காத்திருக்காது.