கீசரைக் கவனிக்காமல் பிளக் பெட்டி வாங்காதீர்கள்

கே: "பிளக்கில் செருகினால் கரன்ட் பில் பாதியாகும், கார்பனும் குறையும்" என்று வீட்டுக்கு வந்த ஒருவர் அம்மாவிடம் 900 ரேண்டுக்கு ஒரு பெட்டியை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். பச்சை லைட் எரிகிறது. ப்ரீபெய்ட் யூனிட் முன்பு போலத்தான் கரைகிறது. பணம் திரும்புமா? (பீனிக்ஸ்)

ப: உடனே கேளுங்கள். வீடு தேடி வந்து விற்ற பொருள் கைக்கு வந்து 5 வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. எழுத்தில் கொடுங்கள். அந்த நாள் தாண்டிவிட்டாலும் 6 மாதத்துக்குள் குறையுள்ள பொருள் என்று ரிப்பேரோ மாற்றோ பணமோ கேட்க உரிமை உண்டு. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், பொய் சொன்னது அவரல்ல.

இந்தப் பெட்டிகள் மேல் எனக்குத் தீராத கோபம். நானும் ஒன்று வாங்கி, பிறகு திறந்து பார்த்தேன்: ஒரு சின்ன கெபாசிட்டர், ஒரு எல்இடி, கொஞ்சம் ஒயர், அவ்வளவுதான். கெபாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரன்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை, சரிசெய்யும், பெரிய மோட்டார் ஓட்டும் தொழிற்சாலைக்கு அதில் லாபம் இருக்கலாம். நம் வீட்டு மீட்டர் எண்ணுவது கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டை. அதில் இந்தப் பெட்டி எதையும் குறைக்காது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களின் வீட்டு வாசலாகப் பார்த்து இதை விற்கிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கே: கீசரை வைஃபை பிளக்கில் இணைத்து போனிலேயே அணைக்கலாமா? (சாட்ஸ்வர்த்)

ப: வேண்டாம். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், மலிவு பிளக் உருகிவிடும். கீசருக்கென்றே வரும், நேரம் குறித்து ஓட்டி அணைக்கும் கன்ட்ரோலரை, பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள்.

கே: கீசர் கன்ட்ரோலர் போட்டால் உண்மையில் குறையுமா? (மெரிபேங்க்)

ப: ஓரளவு. 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். நம் மின் நிறுவனமான எஸ்காம் பெரும்பாலும் நிலக்கரி எரிக்கிறது, யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. குளிக்கிற அளவு மாறாவிட்டால் அந்த 7 யூனிட்டை எந்த டைமராலும் பெரிதாகக் குறைக்க முடியாது, சும்மா நிற்கும் தண்ணீர் இழக்கும் சூட்டைத்தான் குறைக்கும். அதனால் முதலில் டாங்கிக்கு ஒரு போர்வை, தெர்மோஸ்டாட்டை 60ல் வையுங்கள், ஷவர் ஹெட்டை மாற்றுங்கள். அப்புறம் கன்ட்ரோலர். கூரையில் சோலார் இருந்தால் கதை வேறு: மத்தியானம் தண்ணீரைச் சுட வைக்கும்படி செட் செய்தால் நிலக்கரிக் கரன்டைப் பெரும்பாலும் தொடாது, அங்கேதான் அதன் முழுப் பயன்.

கே: லோட் ஷெடிங் மின்வெட்டுக்காக இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினேன், சோலார் பேனல் இல்லை. கார்பன் குறைந்திருக்குமே? (டோங்காட்)

ப: கூடியிருக்கும். அதே எஸ்காம் கரன்டைச் சேமித்துத் திரும்பத் தருகையில் கொஞ்சம் வீணாகிறது.

கே: மார்க்கெட்டில் பில் இல்லாமல் கரன்ட் செலவைக் காட்டும் ஒரு எனர்ஜி மானிட்டர் வாங்கினேன், ஒயரைக் கவ்வ வேண்டிய கிளாம்ப் என் மெயின் ஒயரில் மாட்டவில்லை, விற்றவர் நம்பரும் இல்லை. என்ன செய்யலாம்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: ஒன்றும் செய்ய முடியாது. பில்லும் வாங்கவில்லை, ஒயர் அளவும் பார்க்கவில்லை. அடுத்த முறை இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.