கறுப்பிலைச் செடிக்கு நிழல் வேண்டாம்

மேற்கு வெயில் சுடும் வாசலுக்கு என்ன செடி வைக்கலாம் என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கருத்த இலை உள்ள கிரேப் மிர்ட்டில் என்ற பூச்செடியை வையுங்கள் என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இரண்டு வரி போதவில்லை என்று தெரிகிறது. இந்த முறை பக்கம் முழுக்க அந்தச் செடிக்குத்தான்.

என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அவள் தோட்டத்தில் கன்னங்கரேலென்ற இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாக ஒரு புதர் நிற்கிறது. பேர் ‘பிளாக் லேஸ்’ எல்டராம். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி தளிர்க்கிறது. பொங்கலுக்கு வரும்போது நாலு குச்சி பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லட்டுங்களா அக்கா?
*— வாசகி, காங்கேயம்*

வேண்டாங்க அம்மிணி. ஆசை புரிகிறது, அது அழகான செடிதான். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வகை அது. ஆனால் எல்டர், நைன்பார்க், வெய்கேலா போன்ற கருத்த இலைப் புதர்கள் எல்லாம் குளிர்நாட்டுச் சரக்கு. பல வாரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அவற்றின் மொட்டு ஒழுங்காக உடையும். காங்கேயத்து மார்கழிக் குளிர் அதற்குக் கால்வாசி கூடக் காணாது. சித்திரை வெயிலோ அடுப்பு. கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நிலம் இருந்தால் முயன்று பார்க்கலாம். சமவெளியில் அந்தச் செடியை வாட்டி எடுக்க வேண்டாம்.

பெட்டியில் குச்சி கொண்டுவருவது இன்னும் பெரிய விஷயம். 2003ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் ஆணைப்படி, வெளிநாட்டுச் செடி எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றிதழும் இல்லாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது. இதை வெறும் அதிகாரிகள் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். 2008இல் கோவைப் பக்கம் முதன்முதலாகத் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கோ மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று நம் காட்டில் எதையும் விடவில்லை. மருந்தடித்து மருந்தடித்து ஓய்ந்துபோனோம். கடைசியில் 2010இல் அதன் எதிரியான சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. மல்பெரித் தோட்டம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றதைப் பார்த்தவள் நான். ஒரு குச்சியில் என்ன வந்துவிடப் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

அதற்குப் பதிலாகத்தான் கிரேப் மிர்ட்டிலைச் சொல்கிறேன். மருதாணி, மாதுளை எந்தக் குடும்பமோ இதுவும் அதே குடும்பம். சாலையோரம் ஊதாக் கொத்தாகப் பூக்கிறதே பூமருது, அது இதற்கு இன்னும் நெருங்கிய பங்காளி. வெயிலும் வறட்சியும் இவற்றுக்குப் பழக்கம். பச்சை இலை கிரேப் மிர்ட்டில் நம் ஊர்ப் பூங்காக்களில் வெகுகாலமாக இருப்பதுதான். கறுப்பு இலை வகைகள் பின்னால் வந்தவை. அமெரிக்க வேளாண்மைத் துறையினர் மிசிசிப்பி மாநிலத்துப் பாப்லர்வில் ஆராய்ச்சிக்கூடத்தில் ‘எபனி’ என்ற பெயரில் ஐந்து வகைகளை உருவாக்கி, 2013இல் அவற்றைப் பற்றி வெளியிட்டார்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை எனப் பூ மாறும். இலை எல்லாவற்றிலும் கருஞ்சிவப்பு. ‘பிளாக் டைமண்ட்’ என்ற பெயரில் விற்பதும் இவற்றைத்தான்.

வேப்பமரத்தடியில் வைத்தேன். கோழி எரு தாராளமாகப் போட்டேன். ஆளுயரத்துக்குத் தளதளவென்று வளர்ந்துவிட்டது. ஆனால் இலை பச்சையாகிவிட்டது, பூவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
*— வாசகர், பல்லடம்*

ஏமாற்றவில்லை தம்பி. நீங்கள் வாங்கியது சரியான செடிதான், வைத்த இடம்தான் சரியில்லை.

இலைக்குக் கறுப்பு தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத் தோலில் இருப்பதும் அந்த வகைதான். சுள்ளென்ற வெயில் படும்போது இலை தன்னைக் காத்துக்கொள்ள அதை நிறைய உண்டாக்குகிறது. நிழலில் அதற்குத் தேவை இல்லை. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்கப் பச்சையம்தான் வேண்டும். அதனால் நிழலில் வளரும் கொப்பெல்லாம் பச்சையடிக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? செடியைக் காப்பாற்றுகிறோம் என்று மரத்தடியிலும் பச்சை வலைக்குக் கீழேயும் கொண்டுபோய் வைக்கிறோமே, அதுதான் இந்தச் செடிக்குச் செய்யும் கெடுதல். கோபியில் என் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு மேற்குப் பக்கம், தகரக் கூரையின் அனலும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் ஒன்று நிற்கிறது. வாய்க்கால் ஓரம் தென்னை நிழலில் அதே வகையில் இன்னொன்று. இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் பார்க்க வருகிறவர்கள் நம்புவதில்லை.

அடுத்தது கோழி எரு. பல்லடத்தில் பண்ணைக்குப் பண்ணை கிடைப்பதால் எல்லாரும் எல்லாச் செடிக்கும் போடுகிறார்கள். அதில் தழைச்சத்து அதிகம். கிரேப் மிர்ட்டிலுக்குத் தழைச்சத்து மிஞ்சினால் இலையும் கொப்புமாக ஓடும், பூ வராது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் தேடி வரும். வருடம் ஒரு முறை, மாசியில், நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு கூடை போதும். யூரியா கிட்டவே வேண்டாம்.

வரும் தை கடைசியில், இலை உதிர்ந்து உறங்கும் நேரத்தில், வேர்மண் உடையாமல் அகலமாகத் தோண்டி எடுத்து வெட்டவெளியில் மாற்றி நடுங்கள். மாற்றிய வருடம் கொஞ்சம் சுணங்கும். அடுத்த கோடைக்கு இலை கறுக்கும், பூவும் வரும்.

டிசம்பரில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், அசைவே இல்லை. பிடுங்கிவிடலாமா?
*— வாசகி, ஈரோடு*

பிடுங்காதீர்கள்! இந்தக் கேள்வி மட்டும் நிறையப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. எத்தனை நல்ல செடிகள் இப்படிக் குப்பைக்குப் போயிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இது இலையுதிர்க்கும் இனம். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி வறட்சியில் மொட்டைக் குச்சியாக நின்று மழைக்குத் தளிர்ப்பதைப் போலத்தான் இதுவும். கரூர், ஈரோடு போலச் சூடான ஊர்களில் சில வருடம் பாதி இலைதான் கொட்டும். அதுவும் சரிதான்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கொப்பின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உறங்குகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் வேர் அழுகும். மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகு கொஞ்சம் விடுங்கள். மாசி, பங்குனியில் மொட்டு உடைந்து கருஞ்சிவப்பாகத் தளிர் வரும். பிறகு தண்ணீரைக் கூட்டலாம்.

கவாத்து எப்போது? பக்கத்துத் தோட்டத்துக்காரர் இடுப்பளவு விட்டு மொத்தமாக வெட்டச் சொல்கிறார்.
*— வாசகர், பொள்ளாச்சி*

முருங்கை வெட்டிய கையோடு இதையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். கேட்காதீர்கள். இந்தச் செடி அந்த வருடத்துப் புதுக்கொப்பின் நுனியில்தான் பூக்கும், அதனால் கவாத்து பயனுள்ளதுதான். ஆனால் வருடாவருடம் ஒரே இடத்தில் மொட்டையடித்தால் அங்கே கணு கணுவாக முண்டு கட்டும். அதிலிருந்து கிளம்பும் கொப்பு ஒல்லியாக நீண்டு பூக்கொத்தின் பாரம் தாங்காமல் தொங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வந்தடிக்கும் உங்கள் ஊரில் அது ஒரே இரவில் முறிந்து கிடக்கும்.

தை கடைசி, மாசி முதலில், தளிர் வருவதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள். அடியிலிருந்து மூன்று முதல் ஐந்து தண்டு வரை தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, வேரடியில் கிளம்பும் மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஒன்றோடொன்று உரசும் கொப்பு, உள்நோக்கி வளரும் கொப்பு, காய்ந்தது, இவ்வளவையும் நீக்கினால் நடுவில் காற்று ஓடும். நுனியில் பென்சில் பருமனுக்குக் குறைந்த குச்சிகளை மட்டும் கிள்ளிவிடலாம். முதல் பூப்பு முடிந்ததும் காய் பிடிக்க விடாமல் கொத்தை நறுக்கினால் இரண்டாம் முறை பூக்கும்.

இன்னொன்று. தண்டு முதிர்ந்தால் பட்டை தானாக உரிந்து வழவழவென்று ஆகும். இலை இல்லாத நாளிலும் இந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்பது அந்தத் தண்டுக்காகத்தான். மொட்டையடித்தால் அந்த அழகும் போச்சு.

எங்கள் மண்ணில் ரெண்டடிக்குக் கீழே சுக்கான் பாறை. போர்த் தண்ணீரும் உப்பு. வருமா? தளிர் வெளிறிப்போகிறது.
*— வாசகர், தாராபுரம்*

வரும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். குழியை ஆழமாக எடுப்பதைவிட மூன்றடி அகலமாக எடுத்து, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து தரைமட்டத்துக்கு மேலே முக்காலடி மேடாக்கி நடுங்கள். மழைக்காலத்தில் வேரடியில் தண்ணீர் நிற்கவே கூடாது.

சுக்கான் பாறை என்பது சுண்ணாம்புதான். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்கு எட்டாது. புதுத்தளிர் வெளிறி நரம்பு மட்டும் அடர்ந்து தெரிகிறது என்றால் அதுதான் காரணம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோடு சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்துச் சாயங்கால நேரத்தில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சுவரில் தெறித்தால் துருக்கறை போகாது, பார்த்து அடியுங்கள். உப்புத் தண்ணீருக்கு ஒரு வழிதான்: தினம் சொட்டுச் சொட்டாக விடாமல், மண் காய்ந்தபின் வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய விடுவது. மேலே கடலைத்தொலியைப் பரப்பினால் ஈரம் நிற்கும், உப்பு மேலேறுவதும் குறையும். தண்டை ஒட்டி மட்டும் பரப்ப வேண்டாம்.

இலையெல்லாம் பிசுபிசுக்கிறது. எறும்பு ஏறுகிறது. மழைக்குப் பிறகு வெள்ளைப் பொடி வேறு.
*— வாசகி, நாமக்கல்*

பிசுபிசுப்பு அசுவினியின் வேலை. அதன்மேல் கரும்பூசணம் வளரும். பச்சை இலையில் அது பளிச்சென்று தெரியும். கறுப்பு இலையில் கண்ணுக்கே தெரியாது, அதனால் வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் கரி ஒட்டினால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், கும்பலாக உட்கார்ந்திருக்கும். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து.

வெள்ளைப் பொடி சாம்பல் நோய். நெருக்கமாக, காற்றோட்டம் இல்லாமல் நின்றால் வரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், காலை வெயில் ஏறுவதற்கு முன் தெளிக்கவும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விட்ட பிறகே கந்தகம். சேர்த்து அடித்தால் இலை கருகும்.

நர்சரியில் கறுப்புக் கிரேப் மிர்ட்டில் என்று கொடுத்தார்கள். கிள்ளினால் பால் வருகிறது. குழந்தை கையில் பட்டு எரிச்சல்.
*— வாசகி, திருப்பூர்*

உடனே குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் நிறைய நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். அது கிரேப் மிர்ட்டில் இல்லை. யுபோர்பியா கொட்டினிபோலியா என்ற, கள்ளி வகையைச் சேர்ந்த செடி. இலை நிறம் ஏமாற்றிவிடும். நீளக் காம்போடு வட்டமான இலை மூன்று மூன்றாக ஒரே கணுவில் நின்றால் அது அதுதான். கிரேப் மிர்ட்டிலுக்குக் காம்பு இருப்பதே தெரியாது, கிள்ளினால் பாலும் வராது. குழந்தைகள் ஓடி விளையாடும் வாசலில் இந்தப் பால்செடி வேண்டாம், கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். இனி வாங்கும்போது பூவோடு இருக்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள். சுருக்கம் விழுந்த பட்டுத்துணியாட்டம் ஆறு இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம்.

கறுப்பு இலைச் செடி வீட்டுக்கு முன்னால் ஆகாது என்கிறார் மாமியார்.
*— வாசகி, பெருந்துறை*

அவரோடு வாதாட வேண்டாம் கண்ணு. காலை வெயிலில் கூட்டிக்கொண்டு போய் ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுங்கள், திராட்சைச் சாற்று நிறத்தில் சிவப்பாகத் தெரியும். அதற்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் மேற்குப் பக்கம் வையுங்கள். வெயில் அங்கேதான் அதிகம், செடிக்கும் அதுவே நல்லது.

மாடியில் தொட்டியில் வருமா? ஆடு கடிக்குமா?
*— வாசகர், அவிநாசி*

தொட்டியில் வரும். ஒன்றரை அடி அகலமாவது வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை வேகவைத்துவிடும், சிமெண்ட் அல்லது மண் தொட்டி வையுங்கள். தரையில் 8 முதல் 12 அடி போகும் செடி தொட்டியில் அதில் பாதியோடு நிற்கும். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும்.

ஆடு கடிக்கும். அதனால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் தளிர் போய்விடும். முதல் இரண்டு வருடம் சுற்றிலும் கம்பி வலை கட்டுங்கள்.