முப்பத்தாறு கொப்பிகளில் ஒரே கிராமம்

வணக்கம் ஐயா,

கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 8க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். நியமனம் கிடைத்து இது இரண்டாம் தவணை. வகுப்பில் 36 பிள்ளைகள். ‘எமது கிராமம்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். இருபதுக்கு மேற்பட்ட கொப்பிகள் ‘இயற்கை எழில் கொஞ்சும் எமது கிராமம்’ என்றே தொடங்குகின்றன. எல்லாவற்றிலும் ஆறு ஒன்று சலசலத்து ஓடுகிறது. எங்கள் பக்கம் ஓடுவது வாய்க்கால்தான். இரண்டு இரவு விழித்திருந்து பிழை திருத்தினேன். கொப்பியைக் கொடுத்ததும் புள்ளியைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டார்கள். இவர்களை எப்படி எழுதவைப்பது?

ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ரீச்சருக்கு,

அந்த ஆறு பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஓடிவருகிறது. புலமைப்பரிசில் வகுப்புக் காலத்திலேயே பிள்ளைகள் நாலைந்து கட்டுரைகளைப் பாடமாக்கிவிடுகிறார்கள். ‘எமது கிராமம்’ என்று தலைப்பைக் கண்டதும் பாடமாக்கியது வந்து விழுகிறது. பிள்ளையில் குற்றமில்லை. அந்தத் தலைப்பு யாருக்காக எழுதுவது, எதற்காக எழுதுவது, எதை விடலாம் என்று எதையுமே சொல்லவில்லையே. நீங்களோ நானோ அந்தத் தலைப்பில் எழுதினாலும் எழில் கொஞ்சத்தான் செய்யும்.

தலைப்பைச் சிறிதாக்குங்கள். உதாரணத்துக்கு: ‘உங்கள் வீட்டுக்கு முதன்முறை வரும் ஒருவர் பஸ்ஸால் இறங்கி நிற்கிறார். அங்கிருந்து உங்கள் படலை வரை அவர் வரவேண்டிய வழியை 8 வசனங்களில் எழுதுக.’ இதைப் பாடமாக்கி வர முடியாது. அடுத்தவனைப் பார்த்து எழுதினால் அடுத்தவன் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். இடாப்பு, சத்தம் எல்லாவற்றுக்கும் 5 நிமிடம் போகும். எழுத 12 நிமிடம். பிறகு கொப்பியை மாற்றச் சொல்லுங்கள். வாங்கிய பிள்ளை அந்த 8 வசனங்களை மட்டும் வைத்துக்கொண்டு வழியைப் படமாகக் கீறவேண்டும். எழுதியவரிடம் வாய் திறந்து கேட்கக்கூடாது. அதற்கு 8 நிமிடம் போதும். படம் எழுதியவரின் கைக்கு வந்ததும், எங்கே பிழைத்தது என்று பார்த்து அந்த வசனத்தை மட்டும் திருப்பி எழுத 10 நிமிடம். மிச்ச 5 நிமிடத்தில் இரண்டு பேர் வாசிக்கட்டும்.

எங்கே பிழைக்கும் என்று இப்போதே சொல்கிறேன். ‘கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும்’ என்று பாதிப்பேர் எழுதுவார்கள். கொஞ்சத் தூரம் என்றால் எவ்வளவு? இடப்பக்கமா, வலப்பக்கமா? வந்த வழியே திரும்பிப் போகச் சொல்கிறார்களா? படம் கீறுகிற பிள்ளை அந்த இடத்தில் பேனையைத் தூக்கிக்கொண்டு முழிக்கும். நீங்கள் சிவப்பு மையால் ‘தெளிவில்லை’ என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். வழி போய் வாய்க்காலுக்குள் முடிகிற படத்தைக் கண்டால் பிள்ளை தானாகவே ‘இரண்டாவது மதகு தாண்டியதும் இடப்பக்கம் கிரவல் றோட்டில்’ என்று மாற்றி எழுதும்.

ஒரு கவனம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சோடியாக விடவேண்டாம். வழி தெரிந்தவன் வசனத்தை வாசிக்காமலே சரியாகக் கீறிவிடுவான். பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் வருகிற பிள்ளையையும் குளத்துப் பக்கத்துப் பிள்ளையையும் சேர்த்துவிடுங்கள்.

இலக்கணத்தையும் இப்படிக் கையில் கிடைப்பதிலிருந்து தொடங்கலாம். முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட கல்லைப் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1803 ஒக்ரோபர் 31 அன்று கப்டன் வொன் ட்ரிபேர்க் இவ்விடத்தருகே வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதுதான் அதிலுள்ள ஆங்கில வரியின் சாரம். கரும்பலகையில் மூன்று வசனம் எழுதுங்கள்: ட்ரிபேர்க் வன்னியனைத் தோற்கடித்தான். வன்னியன் தோற்கடிக்கப்பட்டான். வன்னியன் தோற்றான். ஒவ்வொன்றிலும் யார் நிற்கிறார், யார் காணாமற்போகிறார் என்று கேளுங்கள். செய்வினையும் செயப்பாட்டுவினையும் அதற்குள் வந்துவிடும். அதே 1803இல் வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததை அந்தக் கல்லைப் போலவே ஒரு வரியில் எழுதிவரச் சொன்னால், அது வீட்டுவேலை.

இனித் திருத்துவது. ஒரு கொப்பிக்கு 5 நிமிடம் என்றாலும் 36க்கு 180 நிமிடம், அதாவது முழுதாக 3 மணித்தியாலம். அதிலும் ஒரு பக்கத்தில் 30 சிவப்புக் கீறல் இருந்தால் எந்தப் பிள்ளையும் ஒன்றையும் பார்க்காது. ஆகவே ஒரு கிழமைக்கு 9 கொப்பிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம் செலவழித்து முழுதாகத் திருத்துங்கள். மற்ற 27ஐயும் வாசித்து, நல்ல வசனம் ஒன்றின் கீழ் கோடு போட்டால் போதும். அதற்கு ஒரு நிமிடம். எல்லாமாக 99 நிமிடம். நாலு கிழமையில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள்.

முழுதாகத் திருத்துகிற கொப்பியிலும் அந்தக் கிழமைக்கென்று இரண்டு வகைப் பிழைகளை மட்டும் பிடியுங்கள். எதைப் பிடிப்பதென்று எழுதமுன்னரே வகுப்புக்குச் சொல்லிவிடவேண்டும். நம் பக்கத்தில் முதலில் பிடிக்கவேண்டியது ‘மாடுகள் வந்தது’. பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம், எழுத்தில் ‘வந்தன’. அடுத்தது ழகரமும் ளகரமும். நாங்கள் வாழையையும் ‘வாளை’ என்றுதான் சொல்கிறோம், காது உதவாது. விதி சொல்லிப் பயனில்லை, கண்ணால்தான் பழகவேண்டும். மழை, குழி, வாழை, உழவு என்று பத்துச் சொல்லைச் சுவரில் ஒட்டிவிட்டு, கிழமைக்கொருதரம் சொல்வதெழுதலில் கேளுங்கள். ‘போறன்’, ‘வாறன்’ என்று எழுதினால் உரையாடலுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதை அங்கேயும் வெட்டுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை.

புள்ளியை முதல் நாளில் போடவேண்டாம். புள்ளி விழுந்தால் வேலை முடிந்தது என்பது பிள்ளையின் கணக்கு. குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்து, குறித்த இரண்டு வசனங்களையும் திருப்பி எழுதிய பிறகு புள்ளி போடுங்கள்.

‘மறக்கமுடியாத ஒரு நாள்’, ‘எனது தந்தை’ போன்ற தலைப்புகளைத் தனியாகக் கொடுக்காதீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்தான். ஆனால் வீடுகள் அந்தக் காலத்துக்குள்ளால் வந்தவை. காணாமற்போய் இன்னும் தேடப்படுகிற மாமா ஒருவரின் படம் தொங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு அது கட்டுரைத் தலைப்பாக இராது. எப்போதும் பக்கத்தில் வேறொரு தலைப்பும் இருக்கட்டும். அப்படி ஒன்றைப் பிள்ளை எழுதிவிட்டால், கேட்காமல் வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம், அதில் சந்திப்பிழை பார்க்கவும் வேண்டாம்.

குழு ஒப்படை பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது செய்யச் சொல்வார்கள். பிறிஸ்டல் மட்டை, மார்க்கர், பசை எல்லாம் காசு. கையெழுத்து அழகான பிள்ளை எழுத, மற்ற ஐந்து பேரும் மட்டையின் மூலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். செய்யத்தான் வேண்டுமென்றால் ஆளுக்கு அரைத்தாள் அவரவர் கையெழுத்தில் எழுதி, நூலால் தைக்கட்டும்.

கொப்பியில் வலப்பக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் திருப்பி எழுதுகிற வசனங்களுக்கு. 80 பக்கக் கொப்பி விரைவில் முடியும், ‘ஏன் ஒரு பக்கம் வெறுமையாக் கிடக்குது?’ என்று வீட்டில் கேட்பார்கள். அதிபரும் திருத்தாத பிழைகளைக் காட்டிக் கேட்பார். முதல் தாளிலேயே ‘இடப்பக்கம் திருத்தி எழுதுவதற்கு, இந்தக் கிழமை திருத்துவது இவை’ என்று பிள்ளையின் கையாலேயே எழுதவைத்து, கீழே நீங்கள் கையொப்பம் வையுங்கள்.