‘ரூக்கரி நூக்’ (1930) மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்ததுதானே? இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

நீங்கள் இந்தப் படத்தை இரவில் தனியாக, மடிக்கணினியில் பார்த்திருப்பீர்கள். வசனத்துக்கு வசனம் நடிகர்கள் சும்மா நிற்பதாகத் தோன்றியிருக்கும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். ஆனாலும் ‘அப்படியே’ என்ற உங்கள் சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பென் டிராவர்ஸ் எழுதிய இந்த நகைச்சுவை நாடகம் 1926-ல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் தொடங்கி 409 முறை நடந்தது. புதிதாக மணமான ஜெரால்டு, மனைவிக்கு முன்பே கடற்கரை ஊரில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு வந்துவிடுகிறான். மாற்றாந்தந்தை துரத்திவிட்ட ஒரு பெண் இரவு உடையோடு அங்கே அடைக்கலம் புகுகிறாள். வேலைக்கார அம்மாளுக்கும் மனைவியின் சகோதரிக்கும் தெரியாமல் அவளை மறைக்க வேண்டும். கதை முழுக்கக் கதவுகளும் மாடிப்படியும்தான்.

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் வேலை பார்த்தபோது, அந்த ஊர் நாடகக் குழு இதை மேடையேற்றியது. என்னிடம் கதவுகளை ஒப்படைத்தார்கள். தாழ்ப்பாள் சிக்காமல் இருக்க மெழுகுவத்தியைத் தேய்ப்பேன். மோதும் சத்தம் கேட்காமல் இருக்கச் சட்டத்தில் கம்பளித் துண்டு ஒட்டுவேன். ஒத்திகையில் சில வசனங்களுக்குப் பிறகு எல்லாரும் பேசாமல் நிற்பார்கள். அந்த இடைவெளியை ஏன் வெட்டக்கூடாது என்று இயக்கிய அம்மாளிடம் கேட்டேன். “அது நம்முடையது இல்லை, ஜனங்களுடையது” என்றார். முதல் நாள், சிரிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்தவர் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. மறுநாள் காத்திருந்தேன். சிரிப்பு உச்சத்துக்குப் போய், இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் திறந்தேன். அரங்கம் மறுபடி அதிர்ந்தது.

அதன் பிறகுதான் படத்தை மீண்டும் பார்த்தேன். ஜெரால்டாக நடித்த ரால்ஃப் லின், படத்தை இயக்கி நடித்த டாம் வால்ஸ், அந்தப் பெண்ணாக வந்த வினிஃப்ரெட் ஷாட்டர் ஆகிய மூவருமே மேடையிலும் அதே பாத்திரங்களைச் செய்தவர்கள். எத்தனையோ இரவுகளின் சிரிப்பு அவர்கள் உடம்பில் ஊறியிருக்கிறது. லின் ஒரு கண்ணில் மட்டும் மாட்டும் ஒற்றைக் கண்ணாடியோடு விழித்து நிற்கும் இடத்தில், எதிரே ரசிகர்களே இல்லாத எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவிலும், அவர் பழைய அரங்கத்துக்காகவே காத்திருக்கிறார்.

சினிமா தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். இயக்குநர் ஹிட்ச்காக் 1929-லேயே ‘பிளாக்மெயில்’ படத்தில் ஒலியை வைத்து என்னவெல்லாம் செய்தார் என்பார்கள். செய்தார், மறுக்கவில்லை. கேமரா சத்தம் மைக்கில் விழாதிருக்க அதைப் பெட்டிக்குள் அடைத்து வைத்த காலம் அது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த மாற்றாந்தந்தையை ஜெர்மன்காரர் என்பதற்காகவே கேலி செய்யும் இடங்கள் எனக்கும் பிடிக்கவில்லை. இது ஒளிப்பதிவுக்காகப் பார்க்க வேண்டிய படம் என்றும் நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவின் நிகழ்ச்சிக் கையேட்டில் இடைவேளையில் தேநீர் விற்றவர்கள் பெயர்கூட இருந்தது. கதவு, விளக்கு, சாமான்கள் பார்த்த எங்கள் நான்கு பேரின் பெயர் மட்டும் இல்லை. கேட்டதற்கு இடம் போதவில்லை என்றார்கள். அதே பக்கத்தில் பாதியை ஒரு நாற்காலிக் கடை விளம்பரம் அடைத்திருந்தது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. நாடகம் போடும் யாராவது இதைப் படித்தால், முதலில் மேடைக்குப் பின்னால் நிற்பவர்களின் பெயரை எழுதுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேரைக் கூட்டிவைத்து இந்தப் படத்தை மறுபடி பாருங்கள். ஒலியைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.