பிரஸ்டர் ஜான் என்ற கிறித்தவ மன்னர் உண்மையில் வாழ்ந்தவரா? அவருடைய கதைக்கு வரலாற்று மூலம் எது?

அப்பெயரில் அப்படியொரு மன்னர் வாழ்ந்ததில்லை. ஆயினும் கதையை வெறும் புனைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. முஸ்லிம் நாடுகளுக்கு அப்பால், கீழ்த்திசையில், அரசராகவும் குருவாகவும் ஒருசேர விளங்கும் கிறித்தவப் பேரரசர் ஒருவர் இருக்கிறார் என்று 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஐரோப்பா நம்பியது. இதை ஆராயும்போது, கதை எதிலிருந்து பிறந்தது என்ற கேள்வியையும், பிறந்துவிட்ட கதைக்குப் பொருத்தமானவர் என்று பின்னாளில் யாரைச் சுட்டினார்கள் என்ற கேள்வியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழப்பங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால்தான் வருகின்றன.

இம்மன்னரைப் பற்றிய முதல் தெளிவான பதிவு ஃபிரைசிங் ஆயர் ஓட்டோவின் வரலாற்று நூலில் உள்ளது. 1144இல் சிலுவைப் போரினர் வசமிருந்த எடெஸ்ஸா நகரம் முஸ்லிம் ஆட்சியாளர் ஜெங்கியிடம் வீழ்ந்தபின், உதவி கேட்டு வந்த, சிரியாவின் ஜபலா நகர ஆயர் ஹியூவை 1145இல் இத்தாலியின் விதெர்போ நகரில் ஓட்டோ சந்தித்தார். பாரசீகத்துக்கும் ஆர்மீனியாவுக்கும் அப்பால் ஆளும் ஜான் என்ற நெஸ்தோரியக் கிறித்தவர் (ஆசியாவில் பரவியிருந்த கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர்), பாரசீகம், மீதியா ஆகிய நாடுகளின் அரசர்களான சகோதரர்களை வென்று எக்பதானா நகரைக் கைப்பற்றினார் என்றும், எருசலேமுக்குத் துணையாகப் புறப்பட்டு, டைக்ரிஸ் ஆற்றைக் கடக்க வழியின்றித் திரும்பினார் என்றும் ஹியூ கூறினார். துணைக்கு வரவேண்டியவர் வந்து சேரவில்லை என்று கதை முடிவது கவனிக்கத்தக்கது. கீழ்த்திசை மன்னரை நம்பி ஐரோப்பா வாளாவிருக்கக் கூடாது என்பதே அந்த ஆயரின் உட்கருத்து என்று நான் கருதுகிறேன்.

இச்செய்திக்குப் பின்னால் ஒரு மெய்யான போர் இருக்கிறது. வட சீனத்தை ஆண்ட லியாவ் அரசு 1125இல் அழிந்தபோது, அதன் அரச குடும்பத்தைச் சேர்ந்த யேலூ தாஷி மேற்கே சென்று கரா கிதாய் அரசை நிறுவினார். 1141 செப்டம்பரில் சமர்கந்துக்கு அருகே கத்வான் சமவெளியில் செல்ஜூக் சுல்தான் சஞ்சரை அவர் முறியடித்தார். முஸ்லிம் உலகின் பேரரசர்களில் ஒருவர் கிழக்கிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத படையிடம் தோற்றார் என்ற செய்தி, நான்கு ஆண்டுகளில் பல வாய்கள் மாறி விதெர்போவை எட்டியபோது, வென்றவர் கிறித்தவராகிவிட்டிருந்தார். உண்மையில் யேலூ தாஷி பௌத்தச் சூழலில் வளர்ந்தவர். டைக்ரிஸ் பக்கம் வந்ததே இல்லை. 1143இலேயே இறந்தும் விட்டார். இருப்பினும் காலமும் நிகழ்வும் இவ்வளவு நெருங்கிப் பொருந்தும் வேறொருவர் இல்லை என்பதால், கதையின் போர்ப்பகுதிக்கு இவரையே மூலமாகக் கொள்கிறேன்.

ஆனால் கிறித்தவர் என்ற அடையாளமும் ஜான் என்ற பெயரும் கத்வானிலிருந்து வந்திருக்க முடியாது. 1122இல் ஜான் என்று பெயர் கொண்ட ஒருவர் இந்தியாவின் திருச்சபைத் தலைவராகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு ரோமுக்கு வந்து, திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துவின் அவையில் புனித தோமையார் கல்லறையின் அற்புதங்களை விவரித்தார். ஏரி சூழ்ந்த மலைமேல் கோயில் இருப்பதாக அவர் வர்ணித்த நகரம், தோமையார் கல்லறை உள்ளதாகக் கருதப்படும் மயிலாப்பூரை ஒத்திருக்கவில்லை; அவர் இந்தியாவைக் கண்டவர்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு. எனினும் இந்தியா, தோமையார், ஜான் என்ற மூன்றும் ஐரோப்பியர் மனத்தில் ஏற்கெனவே இணைந்திருந்தன. இதனோடு, மங்கோலியப் புல்வெளியின் கெரயித்து இனத்தார் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெஸ்தோரியக் கிறித்தவத்தை ஏற்ற செய்தியும் கீழைத் திருச்சபையின் வழியே பரவியிருக்கக்கூடும்.

1165ஆம் ஆண்டளவில் பைசாந்தியப் பேரரசர் மனுவேலுக்கு ஜான் எழுதியதாக உலவிய கடிதம் ஒரு போலி. எழுதியவர் ஐரோப்பியராகவே இருக்க வேண்டும். மூன்று இந்தியாக்களை ஆள்வதாகவும், 72 அரசர்கள் திறை செலுத்துவதாகவும் அதில் பெருமை பேசப்படுகிறது. வரலாற்று மூலம் தேடுபவர்களுக்கு அதில் அதிகம் கிடைக்காது.

பின்னாளில் சுட்டப்பட்டவர்களில் புகழ்பெற்றவர், செங்கிஸ்கானுக்குப் புரவலராக இருந்து பின்னர்ப் பகைவரான கெரயித்துத் தலைவர் தொக்ருல். மார்க்கோ போலோ இவரையே பிரஸ்டர் ஜான் என்கிறார். தொக்ருல் 1203இல் இறந்தவர். 1145இல் பேசப்பட்ட மன்னர் அவராக இருக்க இயலாது. மங்கோலியா சென்று 1255இல் திரும்பிய துறவி ரூப்ருக் வில்லியம், நைமன் இனத் தலைவர் ஒருவரை ஜான் என்று குறிப்பிட்டு, நெஸ்தோரியர்கள் உண்மையைப் பத்து மடங்காக்கிச் சொல்லிவிட்டார்கள் என்று சலித்துக்கொள்கிறார். ஆசியாவில் ஆள் அகப்படாததால், 14ஆம் நூற்றாண்டில் தேடல் எத்தியோப்பியாவுக்கு நகர்ந்தது. அங்கே கிறித்தவ அரசு மெய்யாகவே இருந்தது. 1520இல் போர்ச்சுகீசியத் தூதுக்குழு சென்று பேரரசர் லெப்னா தெங்கலைச் சந்தித்தது. அவரைப் பிரஸ்டர் ஜான் என்று அழைத்தவர்கள் வந்தவர்களே தவிர, அந்நாட்டார் அல்லர்.