வாசகர் கேள்வி: மான் தடத்தில் தானியங்கிக் கேமரா

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் நான், வேட்டைப் பருவத்துக்கு முன் வெள்ளைவால் மான்களின் நடமாட்டத்தை அறிய, மரத்தில் தானியங்கிக் கேமரா ஒன்றைப் பொருத்தினேன். பெரும்பாலும் வெற்றுப் படங்களே பதிவாகின்றன. மான் வந்தாலும் பின்பகுதி மட்டுமே தெரிகிறது. காரணம் என்ன?

பதில்: குறை பெரும்பாலும் கருவியில் இல்லை, அதை வைத்த கோணத்தில் இருக்கிறது. உடல் வெப்பமுள்ள ஒன்று நகர்வதை உணர்ந்த பிறகே இக்கேமரா விழித்துக்கொள்கிறது என்பதால், தடத்துக்கு நேர்க்குறுக்காக வைத்தால் படம் எடுப்பதற்குள் மான் பெரும்பகுதி கடந்துவிடும். தடத்தை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நோக்குமாறு, இடுப்பளவு உயரத்தில் கட்டுங்கள். வெயிலில் சூடேறி அசையும் இலைகளும் புற்களுமே வெற்றுப் படங்களுக்கு முதன்மைக் காரணம். அவற்றை விலக்கி, லென்ஸை வடக்கு நோக்கித் திருப்புங்கள். அடிக்கடி சென்று பார்க்காதீர்கள். மனித வாடையை உணர்ந்த முதிர்ந்த ஆண்மான் அவ்வழியையே தவிர்க்கக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் உங்கள் மாநில விதியைப் படியுங்கள். வேட்டைக்கு உதவும் நோக்கில் இக்கேமராக்களைப் பயன்படுத்துவதை அரிசோனா 2022 முதல் தடைசெய்துள்ளது. அது நியாயமென்றே நான் கருதுகிறேன்: வறண்ட நிலத்தில் எஞ்சியிருக்கும் நீர்நிலைகளைச் சுற்றிக் கேமராக்கள் குவிந்தால், நீர் குடிக்க வரும் விலங்குக்கு ஒளிய இடமே இராது.