மொஸ்ஜூகினும் சட்டப் படிப்பை விட்டவர்தான்

அம்மா, வணக்கம்.

ஐந்து வருடச் சட்டப் படிப்பை இரண்டாம் வருடத்திலேயே விட்டுவிட்டு நடிக்கப் போவேன் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ஊமைப்பட நடிகர் இவான் மொஸ்ஜூகினை உதாரணம் காட்டுகிறானாம். பையன் தேடிப் பிடித்துத்தான் பேசுகிறான்!

அவன் சொல்வது உண்மைதான். 1889இல் ரஷ்யாவில் பிறந்த மொஸ்ஜூகின், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் சட்டம் படித்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுவில் சேர்ந்தார். அப்படி மேடையில் பழகிய பிறகுதான் 1911இல் சினிமா. டால்ஸ்டாயின் 'ஃபாதர் செர்ஜியஸ்' கதை படமானபோது, மிடுக்கான இளம் அதிகாரியாகத் தொடங்கி நரைத்த தாடியோடு அலையும் கிழவர் வரை அவரே நடித்தார். அது மேடை கொடுத்த பயிற்சி. மகன் எந்தக் குழுவிலாவது இருக்கிறானா என்று முதலில் கேளுங்கள்.

கதையின் பின்பாதியை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். ரஷ்யப் புரட்சிக்குப் பின் 1920இல் மொஸ்ஜூகின் கிரிமியாவின் யால்டா துறைமுகத்திலிருந்து கிளம்பி, கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) வழியாகப் பாரிஸ் போனார். ஊமைப்படத்துக்குப் பாஷை தடையில்லை, நடுவில் வசனம் காட்டும் எழுத்து அட்டையை மாற்றினால் போதும். அங்கேயும் பெரிய நட்சத்திரம் ஆனார். 1923இல் ஒரு படத்தைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். ஹாலிவுட் கூப்பிட்டது, ஒரே படத்தோடு திரும்பினார். அப்புறம் பேசும்படம் வந்தது. அவருடைய பிரெஞ்சில் ரஷ்ய வாடை. வாய்ப்புகள் சுருங்கின. 1939இல் காசநோயில், கையில் காசில்லாமல், 49 வயதில் இறந்தார்.

இதைச் சொல்லி அவனைப் பயமுறுத்த வேண்டாம். அவருக்குத் திறமை குறையவில்லை, தொழில்தான் மாறிப்போனது. அதனால் குரல் பயிற்சி, இரண்டு மூன்று மொழிகள், கொஞ்சம் எழுத்து, இயக்கம் எல்லாவற்றையும் இப்போதே பழகச் சொல்லுங்கள்.

படிப்பை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இன்று நின்றால் அவன் கையில் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான் இருக்கும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேரப் பட்டமும் வேண்டும், நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் வேண்டும். மிச்சமிருக்கும் மூன்று வருடத்தில் இரண்டுமே கிடைக்கும். சாயங்காலம் ஒத்திகைக்குப் போகிறேன் என்றால் மட்டும் தடுக்காதீர்கள்.

அடுத்த முறை அவனையும் கூட்டி வாருங்கள். மனப்பாடமாக ஒரு காட்சியை நடித்துக் காட்டத் தயாராக வரட்டும்.